காம்போசிஷன் நோட்டில் எதைப் பார்ப்பது?

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பிள்ளையின் ஆங்கில காம்போசிஷன் நோட்டைக் கையில் வாங்கும் பெற்றோர் அதைப் படிப்பது அபூர்வம். பக்கங்களைப் புரட்டுவார்கள், சிவப்பு மை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், "இவ்வளவு தப்பா மிஸ்?" என்று கேட்பார்கள். சிவப்பே இல்லாத நோட்டைப் பார்த்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவார். பல ஆண்டுகளாக ஆங்கில வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இருவரில் அதிகம் கவலைப்பட வேண்டியவர் பெரும்பாலும் இரண்டாமவர்தான்.

சுத்தமான நோட்டு எப்படி உருவாகிறது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். கரும்பலகையில் ஒரு கட்டுரையை எழுதிப் போடுவோம், அல்லது கைடில் இருப்பதை வாசிப்போம். வகுப்பு முழுக்க அதை அப்படியே எழுதிக்கொள்ளும். நாற்பது நோட்டிலும் ஒரே நேரு, ஒரே மழைநீர் சேகரிப்பு, ஒரே நூலகத்தின் பயன்கள். தாராளமாக டிக் போடலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வருமா என்பதற்கு அதில் ஒரு வரிகூட சாட்சி கிடையாது. அதிகாரிகள் பார்வையிட வந்தால் நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி ஆசிரியருக்கும் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை.

எட்டாம் வகுப்பில் 'மழை நாள்' என்று தலைப்பு கொடுத்தால் வழக்கமாக இரண்டு வகைக் கட்டுரைகள் வரும். முதல் வகையில், மழை இயற்கையின் கொடை, அது உழவருக்கு மகிழ்ச்சி தருகிறது, நாம் தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று ஆறு வாக்கியம் இருக்கும். இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. இரண்டாவது வகை கிட்டத்தட்ட இப்படிப் போகும்: 'அவர் ஸ்ட்ரீட் ஹேவ் வாட்டர் அப் டு நீ. வீ புட் கிராண்ட்மதர் காட் ஆன் டூ டூ பிரிக். கரன்ட் கோ. ஸோ மை பிரதர் ஹோல்ட் டார்ச் அண்ட் மை மதர் குக் உப்புமா.'

பிழையை எண்ணுகிறவர் இரண்டாவது கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு போட்டாலே பெரிது. கொஞ்சம் நிதானமாகப் படித்தால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள்ளேயே நாம் போய்விட்டோம் என்பது தெரியும். தண்ணீர் முழங்கால் வரை வந்தது, பாட்டியின் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள், கரன்ட் போனது, அதனால் அண்ணன் டார்ச் பிடிக்க அம்மா சமைத்தார். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று வரிசை தப்பாமல் சொல்லியிருக்கிறது. 'ஸோ' என்ற சொல் எங்கே வர வேண்டுமோ அங்கேயே வந்திருக்கிறது. முதல் கட்டுரையில் இருந்த ஆறு வாக்கியங்களையும் மேலும் கீழும் மாற்றிப் போட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டாவது கட்டுரையின் பிழைகளைப் பிரித்துப் பார்த்தால், அவற்றின் வேர் மூன்று நான்குதான். வினைச்சொல்லை இறந்த காலத்தில் எழுதாதது ஒன்று. பன்மையைக் குறிக்காதது இன்னொன்று. 'பத்து புத்தகம் வாங்கினேன்' என்று தமிழில் தாராளமாகப் பேசலாம், ஆங்கிலத்தில் முடியாது. 'எ', 'தி' என்ற சொற்கள் விட்டுப்போனது மூன்றாவது. தமிழில் அப்படி ஒரு சொல்வகையே இல்லாததால், எம்.ஏ. படித்தவர்களிடமும் இந்தப் பிழை கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரே வேரில் வந்த பிழையை ஐந்து இடத்தில் சுழித்து ஐந்து தவறாகக் கணக்கு வைப்பது பிள்ளைக்கு அநியாயம். சொல்லிக் கொடுத்துச் சரிசெய்ய அந்தக் கட்டுரையில் இடம் இருக்கிறது. முதல் கட்டுரையில் திருத்த என்ன இருக்கிறது?

ஒரே கட்டுரைக்கு ஆளாளுக்கு ஒரு மார்க் போடுவது நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. அமெரிக்காவில் 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். ஒரே தாளுக்கு 64இலிருந்து 98 வரை மார்க் வந்தது. 1961இல் பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் இதை இன்னும் விரிவாகச் செய்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள், படித்துத் தரம் பிரிக்க 53 பேர், ஒன்பது தரம். ஆங்கில ஆசிரியர்களோடு மற்ற பாட ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிறுவன அதிகாரிகள் எல்லோரும் அந்த 53 பேரில் இருந்தார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் கிடைத்திருந்தது! நூற்றுக்கு 94 கட்டுரைகள் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன.

இந்த முடிவைப் பார்த்து, கட்டுரைக்கு மார்க் போடுவதே சூதாட்டம் என்று சிலர் நினைக்கலாம். டீடரிக் குழு அதோடு நிற்கவில்லை. எதற்காக அந்தத் தரம் என்று திருத்தியவர்கள் எழுதியிருந்த குறிப்புகளை ஆராய்ந்தது. அவர்கள் ஐந்து கூட்டமாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கருத்துதான் முக்கியம். ஒன்றுக்கு எழுத்துப்பிழையும் இலக்கணமும். ஒன்றுக்குக் கட்டுரையின் அமைப்பு. மற்ற இரண்டும் சொல்லாட்சியையும் எழுதுகிறவரின் தனித்தன்மையையும் பார்த்தன. நம் ஸ்டாஃப் ரூமிலும் இந்த ஐந்து கட்சியும் உண்டு, ஆனால் பிழைக் கட்சிக்குத்தான் எப்போதும் மெஜாரிட்டி. அதற்குக் காரணம் கொள்கை இல்லை, நேரம். பிழை கண்ணில் தானாகப் படும். கருத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுரையைப் படித்தாக வேண்டும்.

ஆளாளுக்கு மாறும் இந்த அளவுகோலைக் கட்டுக்குள் கொண்டுவரத்தான் மார்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கென்று 1981இல் ஹாலி ஜேக்கப்ஸ் குழுவினர் தயாரித்த அளவுகோல் இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. நூற்றில் கருத்துக்கு 30, அமைப்புக்கு 20, சொல்வளத்துக்கு 20, இலக்கணமும் வாக்கிய அமைப்பும் சேர்ந்து 25. ஸ்பெல்லிங், நிறுத்தற்குறி, கையெழுத்து, பத்தி பிரிப்பது எல்லாம் சேர்த்து வெறும் 5. வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம மதிப்பு. அதில் இலக்கணத்தின் பங்கு கால்வாசி. அப்படியானால் இலக்கணம் வேண்டாமா என்று கேட்காதீர்கள். நூற்றுக்கு 25 என்பது சின்ன எண் இல்லை. நாம் அதை 90 ஆக்கி வைத்திருப்பதுதான் பிரச்சினை.

பொதுத் தேர்வு இதில் உதவி செய்வதில்லை. பத்தாம் வகுப்பில் கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது என்று வரும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் கையில் ஆயத்த வாக்கியங்கள் இருக்கின்றன. 'திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் இட் வெரி மச்' என்பதை எந்தப் படத்துக்கும் எழுதலாம். விபத்துப் படத்துக்கும் எழுதுகிறார்கள். கடிதத்தில் ஃபார்மட்டைச் சரியாகப் போட்டுவிட்டு நடுவில் வினாத்தாளின் வரிகளையே திருப்பி எழுதிப் பாஸ் ஆகிவிடலாம் என்று பயிற்சி தருகிறோம். கடைசி பெஞ்சு மாணவனைக் கரைசேர்க்க அது தேவையாகவும் இருக்கலாம். அந்த மார்க்கை எழுத்துத் திறன் என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

திருத்துபவரின் கண்ணை ஏமாற்றுபவை வேறு சிலவும் இருக்கின்றன. முத்து முத்தான கையெழுத்து, மூன்று பக்க நீளம், வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெயர். இவை எல்லாமே மார்க்கைக் கூட்டும். மோசமான ஐந்து தாள்களுக்கு அப்புறம் வரும் சுமாரான தாள் அற்புதமாகத் தெரியும். அதனால் கட்டுரைக் கட்டைத் திருத்தும்போது முதல் நான்கைந்து தாள்களை முடிவில் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்பது நல்லது. பெயர் தெரியாமல் மடித்து வைத்துத் திருத்தினால் இன்னும் நல்லது.

நான் சக ஆசிரியர்களிடம் சொல்வது, முதல் தடவை படிக்கும்போது பேனாவின் மூடியைக் கழற்றாதீர்கள் என்பதுதான். என்ன சொல்ல வந்திருக்கிறான், சொல்லிவிட்டானா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒன்றிரண்டு வகைப் பிழையை மட்டும் குறியுங்கள், இந்த வாரம் இறந்த காலம் என்றால் அது மட்டும். இலக்கணத் திருத்தத்தால் எழுத்து மேம்படுவதே இல்லை என்று 1996இல் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். டானா ஃபெரிஸ் போன்றவர்கள் அதை மறுத்தார்கள். என் கட்சி நடுவில். திருத்தம் உதவும், பிள்ளை அதைப் பார்த்து மறுபடி எழுதினால். கீழே மார்க்கைப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுவான். 1988இல் ரூத் பட்லர் செய்த ஆய்வு கட்டுரையைப் பற்றியது அல்ல என்றாலும் இங்கே பொருந்துகிறது. கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், மார்க்கும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்கள் முன்னேறவில்லை.

இப்போது வீட்டில் எழுதி வரும் காம்போசிஷனைச் சாட்ஜிபிடி எழுதுகிறது, கிராமர்லி திருத்துகிறது. பிழை இல்லாததைத் தரம் என்று வைத்துக்கொண்டால் இனி எல்லாப் பிள்ளைகளும் பத்துக்குப் பத்துதான். கணினியை வைத்தே மார்க் போட்டுவிடலாம் என்பவர்களுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சித் திட்டத்தை முன்பு நடத்திய லெஸ் பெரல்மன் பதில் சொல்லியிருக்கிறார். பெரிய சொற்களை அர்த்தமே இல்லாமல் கோத்துக் கட்டுரை தயாரிக்கும் ஒரு மென்பொருளை 2014இல் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அந்த உளறலுக்குத் திருத்தும் இயந்திரங்கள் உயர்ந்த மார்க் போட்டன.

பெற்றோர் செய்யக்கூடியது இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறாய் என்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அது காப்பி. ஜூனில் வகுப்பில் உட்கார்ந்து எழுதியதையும் ஜனவரியில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாக்கியங்களை இணைக்க 'அண்ட்', 'தென்' மட்டுமே இருந்த இடத்தில் 'பிகாஸ்', 'வென்', 'பட்' வந்திருக்கிறதா, எல்லோரும் எழுதும் விஷயத்தோடு சொந்த விஷயம் ஒன்றாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீளமான வாக்கியத்தை முயன்று எழுதியதால் ஜனவரிப் பக்கத்தில் பிழை கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. அதற்காகத் திட்டாதீர்கள்.