திங்கட்கிழமை வயிற்றுக்குத்து: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்காகப் பெற்றோர் எங்கே, எதைக் கேட்கலாம்?

மூன்றாம் தரத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குத் திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுக்குத்து வந்துவிடும். காலையில் சாப்பிட்ட புட்டை முதற்பாடம் முடியுமுன்னே சத்தியெடுத்துவிடுவாள். தாய் காட்டாத டொக்டர் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, கோயிலில் நூலும் கட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை பிள்ளை துள்ளிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் அவளுடைய கணிதக் கொப்பியைத் திருத்தும்போதுதான் கவனித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் இருத்திக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ரியூசனில் சோதனை வைப்பார்களாம், திங்கள் பின்னேரம் புள்ளி வாசிப்பார்களாம், குறைந்தவர்கள் எழும்பி நிற்க வேண்டுமாம். அவள் பொய் சொல்லவில்லை. வயிறு உண்மையாகவே நொந்தது. ஏழெட்டு வயதில் ‘எனக்குப் பயமாயிருக்கு’ என்று சொல்ல எல்லாப் பிள்ளைக்கும் வராது. வயிறும் தலையும்தான் அதைச் சொல்லும். நின்றுபோன படுக்கைச் சலம் திரும்ப வருவதும், நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் புண் வருவதும், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்று மத்தியானம் வரை அடக்கி வைத்திருப்பதும் அப்படித்தான்.

இப்படியான பிள்ளைக்கு உதவி கேட்பதென்றால் வருத்தம் முற்றியிருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேவையில்லை. வருத்தமாக மாறுமுன்னே போய்க் கேட்க யாழ்ப்பாணத்தில் நமக்கு வாசல்கள் இருக்கின்றன, அவற்றில் எதற்கும் காசு இல்லை.

முதல் வாசல் வகுப்பாசிரியர். படலையடியில் மற்றத் தாய்மார் நிற்கும்போது கேட்காதீர்கள், பிள்ளையை வைத்துக்கொண்டும் பேசாதீர்கள். அதிபரிடம் சொல்லி ஒரு நேரம் எடுத்து இருந்து பேசுங்கள். எப்போது தொடங்கியது, எந்த நாட்களில் வருகிறது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன மாறியது என்ற மூன்றையும் சொன்னால் போதும். தகப்பன் வெளிநாடு போனது, அம்மம்மா செத்தது, கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்து கத்தியது எல்லாம் இதற்குள் வரும். 2009ல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தானே, இவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். போரைக் கண்ட தாய் தகப்பனோடுதான் இந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

வகுப்பாசிரியரால் சமாளிக்க முடியாவிட்டால் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், அதாவது உளவளத்துணை ஆசிரியரிடம் விடச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் அந்த ஆசிரியரே ஒரு வகுப்பையும் வைத்திருப்பார், சில இடங்களில் அப்படி ஒருவரே இருக்கமாட்டார். அப்படியானால் வலயக் கல்விப் பணிமனையைக் கேட்க வேண்டும். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள். உளவளத்துணை என்பது புத்திமதி சொல்வதல்ல, மருந்தும் அல்ல. சின்னப் பிள்ளைகளோடு என்றால் பெரும்பாலும் கீறுவதும் விளையாடுவதும் கதை சொல்வதும்தான். அதற்குள்தான் பிள்ளை மனதில் கிடப்பதை வெளியே விடும்.

மருத்துவப் பரிசோதனை நாளை வீணாக்காதீர்கள்

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விடயம் இதுதான். பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்று ஒன்று நடக்கும், எல்லோருக்கும் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, நாம் எம்.ஓ.எச் ஒப்பீஸ் என்று சொல்வது, அங்கிருந்து டொக்டரும் பி.எச்.ஐ எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்கள். 1, 4, 7, 10 ஆம் தரப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலை என்றால் எல்லாத் தரத்தையும் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் அப்படியான பாடசாலைகள் பல உண்டு. ஆக ஆரம்பப் பிரிவில் ஒரு பிள்ளையை அரசாங்க டொக்டர் குறைந்தது இரண்டு தடவையாவது, அதுவும் பள்ளிக்கூடத்துக்கே வந்து பார்க்கிறார்.

ஆனால் அன்றைக்கு என்ன நடக்கிறது? உயரம், நிறை, கண், பல், காது, நெஞ்சு. வரிசையில் எழுபது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்குள் இரவில் அலறி எழும்புகிற பிள்ளை ‘நான் இரவில் அலறுகிறேன்’ என்று டொக்டரிடம் சொல்லுமா? பெற்றோரை வரச் சொன்னால் கட்டாயம் போங்கள். ஒருநாள் கூலி போகும், உண்மைதான். போகவே முடியாதென்றால் பிள்ளையின் சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டோடு, அதாவது பிறந்தபோது தந்த அந்த நீல அல்லது றோஸ் கொப்பியோடு, ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீட்டி முழக்கத் தேவையில்லை, இப்படி எழுதினால் காணும்:

‘இரண்டு மாதமாக இரவில் படுக்கையில் சலம் போகிறான். ஐந்து வயதில் நின்றிருந்தது. தகப்பன் தை மாதம் வெளிநாடு போனவர். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறான்.’

இந்த நாலு வரி இருந்தால் டொக்டருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தேவையென்றால் வைத்தியசாலை கிளினிக்குக்குக் கடிதமும் தருவார். முதலாம் தரத்தில் தவறவிட்டவர்கள் நாலாம் தரத்தைத் தவறவிடாதீர்கள். அதற்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் வருகிறது.

அந்தச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையும் ஆறாம் தரத்துக்குப் போகத்தான் போகிறது. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும், சில பெரிய பாடசாலைகளில் இடமும், இவ்வளவுதான் அந்தச் சோதனையால் கிடைப்பது. பத்து வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு மாதிரி வினாத்தாள் செய்வதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

அடி

‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லி, கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் என்று பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மாரை நானே பார்த்திருக்கிறேன். பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் அடிக்கக் கூடாது. கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அதற்கு முன்னே 2005லும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் ஒரு மாணவனுக்குக் காது கேளாமல் போன வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை மீறப்பட்டது என்று 2021ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சித்திரவதைக்கும் இழிவாக நடத்துவதற்கும் எதிரான உறுப்புரை அது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் சிறுவருக்குக் கொடுமை செய்வது தனிக் குற்றம்.

அப்படி ஒன்று நடந்தால் முதலில் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே மூடி மறைக்கிறார்கள் என்று தெரிந்தால் வலயக் கல்விப் பணிப்பாளர். காயம் இருந்தால் அன்றே அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். அடிப்படை உரிமை மீறல் வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பள்ளிக்கூடத்தோடு ஏன் வம்பு என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, பிரச்சினை பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில் என்றால்? குடி, சண்டை, பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் வேலைக்கு அனுப்புவது போன்றவற்றுக்குப் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். கிராம சேவகரைக் கேட்டால் எந்த நாளில் இருப்பார்கள் என்று சொல்வார். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தாலே 1929க்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் காசில்லாமல் எடுக்கலாம். அயலவரும் எடுக்கலாம், பிள்ளையே எடுக்கலாம். மனநலம் பற்றி யாரோடாவது பேச வேண்டும் என்றால் 1926.

வைத்தியசாலை என்றவுடன்தான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள். ‘மந்திகைக்குக் கொண்டுபோ’ என்பது நம்மூரில் ஒரு வசை. மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. கடிதம் இல்லாவிட்டாலும் வெளிநோயாளர் பிரிவில் போய்ச் சொன்னால் அங்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவுடன் குளிசை தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளை என்றால் முதலில் தாயோடும் தகப்பனோடும்தான் அதிகம் பேசுவார்கள். அரச வைத்தியசாலைக்குப் போக மனம் வராதவர்களுக்கு 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் சாந்திகம் உளவளத்துணை நிலையமும் இருக்கிறது.

கடைசியாக, கடிதம் எழுதும் விதம். எந்தப் பணிமனைக்கும் தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் தர வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தருவோம் அல்லது தரமாட்டோம் என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. பிள்ளையின் பெயரை முழுவதும் எழுத விருப்பமில்லாவிட்டால் முறைப்பாட்டுத் திகதியையும் முத்திரை குத்திய பிரதியையும் வைத்தால் காணும்.