‘ஊரறியப் பண்ணி வைக்கிறோம், வந்திரு தாயி’

ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் 17 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள், பிடிக்காத கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு தப்பி வந்த பெண்கள் என்று பலர் என் அலுவலகப் படியேறி வந்திருக்கிறார்கள். அப்பன் மிரட்டினான், அண்ணன் அரிவாளைக் காட்டினான் என்று சொல்வார்கள். அதைவிட எனக்குப் பயம் தருவது, அம்மா போனில் அழுதுகொண்டே சொல்லும் ஒரு வரி. “அப்பா ரெண்டு நாளா சோறு திங்கல. பெரியாளுக எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. ஊரறியப் பண்ணி வைக்கிறோம், வந்திரு தாயி.”

மூன்று ஆண்டுகளுக்கு முன் ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது 21, நர்சிங் முடித்தவள். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா கரையில் கருவாடு காயவைப்பவர். பையன் பக்கத்து ஊர், வேறு சாதி, அவனும் கடலுக்குப் போகிறவன்தான். தீவை விட்டு வெளியே வரச் சாலை ஒன்றே ஒன்று, 1988இல் திறந்த பாம்பன் பாலம். அப்போது ரயிலும் கிடையாது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. தெரிந்தவர் இல்லாத பேருந்து அங்கே கிடையாது. பாலம் தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போன் போய்விடும். இருவரும் விடியற்காலையில் மீன் ஏற்றும் வண்டியில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியபடி வந்து சேர்ந்தார்கள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் போன் வந்தது. அவள் கிளம்பத் தயாராகிவிட்டாள். எந்தப் பிள்ளைக்குத்தான் அம்மாவின் அழுகை பொறுக்கும்? “ஒரு வாரம் பொறும்மா, அவங்க இங்க வந்து பேசட்டும்” என்றேன். அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். உட்கார்ந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “எங்க பிள்ளைய நாங்க என்ன வக்கீலம்மா, கொன்னா போட்டுருவோம்?” அந்த அறையில் அதுவரை கொலை என்ற சொல்லை யாரும் எடுக்கவே இல்லை. “சரிங்கய்யா, பையனோட பேரு, கல்யாணத் தேதி ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நானே கூட்டிட்டு வர்றேன்” என்றேன். எழுதவில்லை. எழுந்து போய்விட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, பத்திரிகை ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். அதில் மாப்பிள்ளையாக இருந்தது தாய்மாமன் மகன் பெயர்.

இன்னொரு பெண்ணை என்னால் நிறுத்த முடியவில்லை. பெண்ணைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, ஒரு காவல் நிலையத்தில் அவளையும் பையனையும் அழைத்து உட்கார வைத்தார்கள். பெண் மேஜர். அவள் எங்கே போக வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். நான் போய்ச் சேரும்போது, ‘பெற்றோருடன் செல்லச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஆறு மணி நேரம் சுற்றிலும் சொந்தக்காரர்கள் அழுது தீர்த்த பிறகு வாங்கிய கையெழுத்து அது. பதினோராம் நாள் அவளுக்கு வேறொருவருடன் கல்யாணம் நடந்தது. இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவள் உயிரோடு இருப்பதால் அவளுக்கு நடந்தது எந்தக் கணக்கிலும் வராது. இந்தக் கரையில் நான் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான். கொலை வரை போவது சில. கட்டாயக் கல்யாணத்தில் முடிந்து, சத்தமில்லாமல் போவதுதான் அதிகம்.

தமிழ்நாட்டையே உலுக்கிய வழக்குகளைப் படித்துப் பாருங்கள். 2014இல் உசிலம்பட்டி அருகே கொல்லப்பட்ட பெண், காவல்துறை வரை விஷயம் போய், வீட்டார் கைக்குத் திரும்பிய பிறகு இறந்தவள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட மென்பொருள் பொறியாளரை, ‘அப்பா அம்மா பேசணும்னு கூப்பிடுறாங்க’ என்று சொல்லித்தான் அவர் காதலித்த பெண்ணின் தம்பி அழைத்துப் போனார் என்பது புகார். 2003இல் விருத்தாசலம் அருகே ஒரு இளம் தம்பதியை ஊர் கூடி நிற்க விஷம் ஊற்றிக் கொன்றார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வர 2021 ஆனது, தண்டனை பெற்றவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டது என்று இவற்றை என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொன்றிலும் பேச்சு நடந்திருக்கிறது, ஆள் போயிருக்கிறது, நாட்கள் இருந்திருக்கின்றன. அந்த நாட்களில் தலையிட்டிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும்.

கரையோர ஊர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அப்பன் மகளைக் கண்டு பயப்படுவதைவிட ஊரைக் கண்டு பயப்படுகிறான். தலைக்கட்டு வரி, திருவிழா, கரையில் படகு ஏற்றும் இடம், ஏலம், எல்லாம் ஊர்க்கட்டுப்பாட்டோடு ஒட்டியிருக்கிறது. ஊர்விலக்கு என்று சொல்லிவிட்டால் கூட வேலைக்கு ஆள் வராது, பிடித்த மீனை எடுக்க வியாபாரி தயங்குவான், அடுத்த மகளுக்கு மாப்பிள்ளை வராது. ஏற்கெனவே கடனில் ஓடும் படகு. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது இந்தப் பேச்சு இன்னும் சூடேறும். என்னிடம் தனியாக வந்து அழுத அப்பாக்கள் உண்டு. “எனக்கு ஒண்ணுமில்லம்மா, ஊருக்குப் பதில் சொல்லணுமே” என்பார்கள். அவர்கள் செய்ததை இதைச் சொல்லி நான் நியாயப்படுத்தவில்லை. ஊர்விலக்குக்குத் தண்டனை இல்லாதவரை அந்த அப்பனுக்கு மகள் பக்கம் நிற்கத் தெம்பு வராது என்பதை இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம், அதை அடக்கி ஒழிக்க வேண்டும் என்று 2011இல் ஆறுமுக சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது.

சரி, கையில் இப்போது என்ன இருக்கிறது? பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவி சண்டைக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதன் விதிகளோடு உள்ள முதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். விருப்பமில்லாத பெண்ணைக் கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துவது, அவள் விரும்பியவரை மணக்கவிடாமல் தடுப்பது, தாங்கள் காட்டும் ஆளைத்தான் கட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது, மூன்றும் வன்முறை என்று அங்கே அச்சிலேயே இருக்கிறது. அப்பா, அண்ணன் மேல் மனு போடலாம். 2016இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அம்மா, அத்தை மேலும் போடலாம். நீதித்துறை நடுவர் அவசரத்தைப் பார்த்து உடனே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். அந்த உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். கல்யாணத்துக்கு முன்பே, பெண் வீட்டில் இருக்கும்போதே பயன்படும் சட்டம் இது. ஆனாலும் இதற்காக வரும் மனுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமே போய்ச் சொல்லலாம், வக்கீல் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டியதில்லை.

கட்டாயத்தில் தாலி ஏறிவிட்டால்கூட எல்லாம் முடிந்துபோவதில்லை. மிரட்டிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த மிரட்டல் விலகியதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் மூன்றாவது வருடம்தான் வருகிறார்கள். 18 வயதுக்கு முன் கட்டி வைத்திருந்தால், அந்தப் பெண் 20 வயது முடிவதற்குள் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் ரத்து கேட்கலாம்.

இருவரும் இந்துவாக இருந்தால் சுயமரியாதைத் திருமணம் நமக்குக் கிடைத்த பெரிய கொடை. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தம் அது. மாலை மாற்றினாலே போதும், ஊரைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை, வழக்கறிஞரும் நண்பராகச் சாட்சி நிற்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மதம் மாறிய காதல் என்றால்தான் சிக்கல். கீழக்கரை, பெரியபட்டினம், தங்கச்சிமடம் என்று மூன்று மதமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் கரை இது. அப்படிப்பட்டவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும், அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு. சென்னையில் போய் மனு கொடுத்தாலும், நிரந்தர முகவரி இங்கே என்றால் அறிவிப்பின் நகல் இங்குள்ள அலுவலகப் பலகைக்கும் வந்துவிடும். அதை ஒருவர் போனில் படம் எடுத்தால் போதும். அந்த 30 நாட்கள் எனக்குத் தூக்கம் வராது.

17 வயதுப் பெண் வந்து நின்றால் என் கையும் கட்டப்படும். அவள் ஓடிப்போனால் பையன் போக்சோவில் உள்ளே போவான். வீட்டில் இருந்தால் அவசரக் கல்யாணம். அவளிடம் குழந்தைகள் உதவி எண் 1098ஐ மனப்பாடம் பண்ணச் சொல்வேன், பையனிடம் காத்திரு என்பேன். அதற்கு மேல் நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி அரசியல். 2012லேயே சட்ட ஆணையம் தன் 242ஆம் அறிக்கையில், விரும்பியவரை மணப்பதைத் தடுப்பவர்களுக்கு எதிராக ஒரு மசோதாவை எழுதிக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம், உசிலம்பட்டிப் பெண்ணின் வழக்கில், 2016 ஏப்ரலில் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லம், விரைவு விசாரணை, கடமை தவறும் அதிகாரி மேல் துறை நடவடிக்கை என்று விரிவாகவே சொன்னது. 2019இல் ராஜஸ்தான் சட்டமன்றம் தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட நாம் இதில் பின்தங்கினோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். பாளையங்கோட்டைக் கொலைக்குப் பிறகு இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் முதல்வரைச் சந்தித்து ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் கேட்டன. 2025 அக்டோபர் 17 அன்று, அந்தச் சட்டத்துக்கான பரிந்துரைகளைத் தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

கொலைக்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்று என் சக வழக்கறிஞர்களே கேட்கிறார்கள். இருக்கிறது, ஆள் செத்த பிறகு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பட்டியல் சாதிப் பையனைக் காதலித்ததற்காக ஆதிக்க சாதிப் பெண்ணை அவள் வீட்டாரே கொன்றால், அவளுடைய கொலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு இடையே நடந்தாலும் பொருந்தாது. கரையில் அப்படித்தான் பல. அப்புறம் சாட்சி. பார்த்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். திருச்செங்கோடு இளைஞர் கொலை வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்ந்துபோக, கோயில் கேமராப் பதிவு கைகொடுத்தது. கடற்கரைக் குடிசைக்கு எந்தக் கேமரா?

சட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவைதான். பூட்டி வைப்பதும், போனையும் சான்றிதழையும் பிடுங்குவதும், ஊர்விலக்கு வைப்பதும், ‘சமாதானம்’ பேசி வரவழைப்பதும் தனித்தனிக் குற்றமாக வர வேண்டும். மேஜர் பெண்ணின் விருப்பத்தைக் காவல் நிலையத்தில் கேட்கக் கூடாது. சொந்தக்காரர் இல்லாத அறையில் நீதித்துறை நடுவர்தான் கேட்க வேண்டும். பாதுகாப்பு இல்லம் இந்த மாவட்டத்திலேயே இருக்க வேண்டும், அதன் முகவரி எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியக் கூடாது. கட்சித் தலைமைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அறிக்கை விடுகிறீர்கள், நன்றி. ஆனால் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பெண்ணை இழுத்துவரச் சொல்பவர் பல நேரம் உங்கள் கிளைச் செயலாளர். அப்படிப்பட்டவரைக் கட்சியை விட்டு நீக்கி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பெண் இதைப் படித்தால்: பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. வயதைக் காட்டும் சான்றிதழின் படத்தையாவது தோழியின் போனுக்கு அனுப்பி வைத்துவிடு. வெளியே வந்த பிறகு ‘வந்திரு’ என்ற போன் வந்தால், தனியாகப் போகாதே. அவர்கள் வரட்டும், வக்கீல் அலுவலகத்தில் பேசட்டும்.

தீவுப் பெண் ஒரு சான்றிதழும் எடுக்காமல்தான் வந்திருந்தாள். நர்சிங் படித்தும் வேலைக்குச் சேர முடியாமல் ஏழு மாதம் துணிக்கடையில் நின்றாள். ஒரு நாள் மதியம், கோர்ட்டிலிருந்து திரும்பியபோது அவள் அம்மா என் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கருவாட்டுக் கூடைக்கு அடியிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நர்சிங் சான்றிதழ், எல்லாம் இருந்தது. “நான் வந்தேன்னு யாருக்கும் தெரிய வேணாம் வக்கீலம்மா. அவகிட்டயும் சொல்லாதீக” என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மூன்று மணி பேருந்துக்கு நேரமாகிறது என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.