நிழல் செடிக்குத் தண்ணீரே எமன்

வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாமரத்தடியில் ஆறு மல்லிகைச் செடிகள், ஆறும் வாடித் தொங்கின. "ரெண்டு வேளையும் தண்ணி விடுறேன் தம்பி, அப்படியும் வாடுதே" என்றார் அந்த அம்மா. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பேறியிருந்தது. விரலால் உருவினால் தோல் கழன்று, உள்ளே நார் மட்டும் நின்றது. மண்ணில் புளித்த வாடை.

நிழலில் மண் சீக்கிரம் காயாது. வெயில் செடிக்கு ஊற்றும் அளவையே அங்கேயும் ஊற்றினால், காற்றுக் கிடைக்காமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். தயவுசெய்து விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மல்லிகை அங்கே பிழைத்திருந்தாலும் பூத்திருக்காது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். பல வருடம் நிற்கும் நிழல் செடிகள் நம்மிடமே உண்டு: திப்பிலி, சித்தரத்தை, பெரணி (ஃபெர்ன்). காலை வெயில் கொஞ்சம் பட்டால் கனகாம்பரமும் பூக்கும். கொடிக்கால்காரர்கள் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் வெற்றிலைக் கொடியை நடுவார்கள்.

"வடக்குப் பக்கம் எப்பவும் நிழல்தானே" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் குளிர்ந்து கிடந்த அதே சுவரோரத்தில் வைகாசியில் பெரணி கருகிப்போகும். நடுவதற்கு முன் கோடையில் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நிழல் செடி என்று நர்சரியில் டிஃபன்பேக்கியா கொடுப்பார்கள். அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் அதை வைப்பதே இல்லை.

அந்த அம்மா வீட்டில் மண்ணைக் கொத்தி ஆறவிட்டு, காலை வெயில் படும் ஓரத்தில் கனகாம்பரமும் உள்ளே சித்தரத்தையும் நட்டோம். உதிர்ந்த மாவிலையை எரிக்காமல், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மூடாக்காகப் பரப்பினோம். இப்போது விரல் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.