மாடிப்படி லைட்டும் பெர்செப்ட்ரானும்

ஏஐ-ன்னாலே எல்லாரும் 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்துதான் பேச ஆரம்பிக்கிறாங்க, ஆனா அதுக்குள்ள நடக்குற அடிப்படை வேலைய அறுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு மிஷின் கண்ணெதிர்ல செஞ்சு காட்டிடுச்சு, அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி.

1956ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல ஏஐ பத்திப் பேசக் கூடின ஆராய்ச்சியாளர்கள்ல நிறைய பேரு, ரூல் ரூலா எழுதிக் கொடுத்தா மிஷின் யோசிக்கும்னு நம்பினாங்க. அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஃப்ராங்க் ரோசன்பிளாட் போன ரூட்டே வேற. ரூல் எதுவும் வேணாம், தப்பு பண்ண விடு, பண்ணினா திருத்து, அவ்ளோதான். அவர் கட்டின மார்க் 1 பெர்செப்ட்ரான்ல 20க்கு 20ன்னு 400 லைட் சென்சார் கண்ணு மாதிரி இருக்கும், அதுல இருந்து வர்ற சிக்னலுக்கு எவ்ளோ மதிப்பு கொடுக்கணும்ங்கறத பழைய ரேடியோ வால்யூம் குமிழ் மாதிரி ஒண்ணு முடிவு பண்ணும். பதில் சரியா வந்தா குமிழைத் தொடாது, தப்பா வந்தா ஒரு குட்டி மோட்டார் அதைக் கொஞ்சமா திருப்பி விடும். கத்துக்கறதுன்னா நெஜமாவே அந்தக் குமிழ் திரும்புறதுதான், எனக்கு இதை நினைச்சா இப்பவும் சிலிர்க்கும்.

ஆனா 1969ல மின்ஸ்கி, பேப்பர்ட்னு ரெண்டு ஏஐ ஆராய்ச்சியாளர்கள் இதோட எல்லைய கணக்காவே காட்டிட்டாங்க. மாடிப்படி லைட்டை எடுத்துக்கோங்க, மேல ஒரு சுவிட்ச், கீழ ஒரு சுவிட்ச். ரெண்டுல எதாவது ஒண்ணை மட்டும் போட்டா எரியணும், ரெண்டையும் போட்டாலும் ரெண்டையும் போடாட்டியும் எரியக் கூடாது. ஒரே அடுக்கு குமிழ் வச்சு, வர்ற மதிப்பைக் கூட்டிப் பார்த்து முடிவு பண்ற பெர்செப்ட்ரானால இது முடியவே முடியாது, ஏன்னா தனித்தனியா ஒவ்வொண்ணும் லைட்டை எரிய வைக்கிற அளவுக்கு மதிப்பு வச்சிருந்தா ரெண்டும் சேரும்போது அது இன்னும் கூடத்தானே செய்யும், எப்படிக் குறையும்?

நடுவுல இன்னொரு அடுக்கு வச்சா தீர்ந்துடும். அதுல ஒருத்தன் "எதாவது ஒண்ணு போட்டிருக்கா"ன்னு பார்ப்பான், இன்னொருத்தன் "ரெண்டும் போட்டிருக்கா"ன்னு பார்த்து, ஆமான்னா லைட்டை அமுக்கிடுவான். சிக்கல் என்னன்னா, பதில் தப்பா வந்தா நடுவுல இருக்குற யாரைத் திருத்தறது?

1971ல தன்னோட 43வது பிறந்தநாள் அன்னிக்கே ரோசன்பிளாட் படகு விபத்துல இறந்துட்டார், இதுக்கு விடை பரவலானதை அவர் பார்க்கவே இல்ல. அது 1986ல ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூணு பேரோட கட்டுரையாலதான் நடந்துச்சு (அந்தக் கணக்கை வேற சிலர் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தாங்க). கடைசில வந்த தப்புல எந்த இணைப்போட, அதாவது எந்தக் குமிழோட, பங்கு எவ்ளோன்னு பின்னாடி பின்னாடி கணக்கு போட்டுக்கிட்டே வந்து, பங்குக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் திருத்தறது, பேக்ப்ராபகேஷன்.

அப்பவும் உடனே எதுவும் தலைகீழா மாறல, போதுமான டேட்டாவும் இல்ல, அவ்ளோ வேகமான கம்ப்யூட்டரும் இல்ல. 2012ல ரெண்டே ரெண்டு கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுல, சுமார் 12 லட்சம் படத்தைக் காட்டிப் பழக்கின அலெக்ஸ்நெட்ங்கற பல அடுக்கு நெட்வொர்க், படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிற இமேஜ்நெட் போட்டியில 15.3 சதவீதம் தப்போட முதல்ல வந்துச்சு, ரெண்டாவது வந்தது 26.2. அதுக்கப்புறம்தான் துறையே இந்தப் பக்கம் சாய்ஞ்சுது.

2017ல டிரான்ஸ்ஃபார்மர் வந்துச்சு, வாக்கியத்துல எந்த வார்த்தை எதோட சம்பந்தப்படுதுன்னு பார்க்குற அமைப்பு. அதுல கட்டின, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3ஐப் பழக்கும்போது அடுத்த வார்த்தை என்னன்னு ஊகிக்க வச்சாங்க, தப்பா ஊகிச்சா குமிழ்களைக் கொஞ்சமா திருப்பினாங்க, என்ன, மோட்டார் இல்ல, குமிழ்ங்கறது கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற வெறும் நம்பர், அது மொத்தம் 17,500 கோடி.