பாட்டை வெளிச்சத்தில் எழுதியது எப்படி?

1935-ல் வந்த 'நாட்டி மேரியட்டா' படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஹாலிவுட்டில் டேப்பே இல்லாத காலம். கதாநாயகி ஜெனெட் மெக்டொனால்டின் குரலை எதில்தான் பதிந்தார்கள்?"

விக்டர் ஹெர்பர்ட் இசையமைத்து 1910-ல் நியூயார்க்கில் மேடையேறிய ஆப்பரெட்டாதான், அதாவது பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகம்தான், அந்தப் படம். பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து பிரெஞ்சு இளவரசி வேறு பெயரில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேறுகிறாள். நடுவில் கதாநாயகன் நெல்சன் எடி வந்துவிடுகிறார், மிச்சம் உங்களுக்கே தெரியும். ஒலிப்பதிவுக்கான ஆஸ்கர், படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரருக்குப் போனது.

கேள்விக்குப் பதில்: ஃபிலிமில்தான். படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு பட்டை உண்டு. பாட்டு முழுக்க அதில்தான் இருக்கிறது.

மைக் குரலை மின்சாரமாக்குவது பள்ளிப் பாடம், தாண்டிவிடுவோம். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது, லைட் வால்வ். காந்தப் புலத்துக்குள் இழுத்துக் கட்டிய டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த இரண்டு நாடாக்கள், நடுவே 0.025 மில்லிமீட்டர் இடுக்கு. மெக்டொனால்ட் பாடப் பாட, நாடாக்களில் மின்னோட்டம் ஏறி இறங்கும். இடுக்கு விரியும், சுருங்கும். பின்னால் விளக்கு, முன்னால் ஓடும் ஃபிலிம். இடுக்கு விரிந்தால் அதிக ஒளி, சுருங்கினால் குறைவு. கழுவிப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி கறுப்பும் சாம்பலுமாய்க் கோடுகள்.

ஃபிலிம் நொடிக்கு 24 கட்டம் (ஃபிரேம்), அதாவது ஒன்றரை அடி ஓடும். நொடிக்கு 1000 அதிர்வு கொண்ட உச்ச ஸ்வரம் அந்த ஒன்றரை அடிக்குள் 1000 கோடுகளாய் உட்கார வேண்டும். ஒரு கோட்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது!

கொட்டகையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். முடியைவிட மெல்லிய ஒளிக்கோடு அந்த ஏணியைக் கடந்து சீசியம் என்ற உலோகம் பூசிய ஃபோட்டோ செல்லில் விழ, ஒளி மறுபடி மின்சாரமாகும், ஸ்பீக்கர் பாடும். ஒளி பட்டால் உலோகம் எலக்ட்ரானை உதறும் என்பதன் முதல் தடயத்தை 1887-ல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் பார்த்தபோது சினிமாவே பிறக்கவில்லை. லைட் வால்வைச் செய்த வென்டேகூட டெலிபோன் கம்பெனி ஆய்வுக்கூடத்துக்காரர். 'இந்த ஆராய்ச்சியால் என்ன வருமானம்?' என்று கேட்டுவிட்டு நிதிக்கோப்பை மூடும் அதிகாரிகளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்ன வயதில் கொட்டகை வாசலில் பொறுக்கிய துண்டு ஃபிலிம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஏணி இல்லை, மலைத்தொடர். அது இன்னொரு முறை; கறுப்பின் அடர்த்திக்குப் பதில் அகலம் மாறும்.

அந்தத் துண்டில் ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்தக் கட்டத்தின் ஒலி அல்ல. படம் காட்ட ஃபிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று போகணும். பாட்டுக்கோ வழுக்கிக்கொண்டு ஓடணும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. ஆகவே ஒலியைச் சுமார் 20 கட்டம் தள்ளி அச்சிட்டார்கள். அறுந்த ஃபிலிமை ஆபரேட்டர் ஒட்டி ஓட்டினால் முதலில் படம் குதிக்கும். முக்கால் நொடிக்குச் சற்று மேல் கழித்துத்தான் பாட்டு குதிக்கும். எங்கள் ஊர்க் கொட்டகையில் அதற்குள் முதல் விசில் வந்துவிடும்.