அக்குவடக்ட்: நீர்கடத்தியா, தொட்டிப்பாலமா?

ஆற்றின் மேல் பாலம் கட்டி, அதில் வாய்க்காலையே ஓடவிட்டால் அதற்கு அக்குவடக்ட் என்று பெயர். லத்தீனில் அக்குவா தண்ணீர், டூக்கெரெ இட்டுச்செல்வது. வேர் இவ்வளவுதான்.

போன வாரம் கடலூரில் அக்கா வீட்டில் தமிழ்க் குரல் கொடுத்த ஓர் ஆவணப்படம் ஓடியது. வேல்ஸில் இருக்கும் பொன்ட்கிசில்தே பாலத்தை மூச்சுக்கு மூச்சு ‘நீர்கடத்தி’ என்றார்கள். பத்தாவது படிக்கும் அக்கா மகன், “மாமா, நீரைக் கடத்துறது சைலம்தானே?” என்றான். அவன் கேட்டது சரி. செடியின் தண்டுக்குள் இருப்பதும் நீர்கடத்தி, வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் குழாயும் நீர்கடத்தி என்றால், அந்தச் சொல் எதைத்தான் காட்டுகிறது? லத்தீன் வேரைப் பிய்த்துத் தமிழில் ஒட்டியிருக்கிறார்கள், பொருளைப் பார்க்கவில்லை.

பொருள் என்ன? பழைய கல்பாலங்களில் தண்ணீர் கசியாமலிருக்க, பிசைந்த களிமண்ணைக் கனமாக அப்புவார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கத் தூண்கள் பருத்தே ஆகவேண்டும். பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் 1805-இல் முடித்த பொன்ட்கிசில்தேயில் களிமண் இல்லை. வார்ப்பிரும்புத் தகடுகளை முடுக்கிச் செய்த நீளத் தொட்டி, சுமார் 38 மீட்டர் உயரத்தில், ஒல்லியான கல்தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியோடு நடைபாதை. மறுபக்கம் தொட்டியின் விளிம்புதான், அதற்கப்பால் பள்ளம். அந்தத் தொட்டித் தண்ணீரில் படகு போனாலும் தூணுக்குக் கூடுதல் சுமை கிடையாது. தன் எடையளவு தண்ணீரைப் படகு ஒதுக்கிவிடுகிறது. எல்லாச் சூட்சுமமும் தொட்டியில்தான்.

அதற்கான சொல் நம்மிடமே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பறளியாற்றுக்கு மேலே 1966-இல் கட்டிய மாத்தூர்த் தொட்டிப்பாலம். 28 தூண்கள், அதிகபட்சம் 115 அடி உயரம். தொட்டியையும் பாலத்தையும் கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன பெயர் அது. அதையும் இப்போது ‘தொங்கு பாலம்’ என்று எழுதுகிறார்கள்! அங்கே எது தொங்குகிறது? எல்லாம் தூண்மேல் நிற்கிறது. இன்னும் சிலர் ‘மேல்மட்டக் கால்வாய்’ என்கிறார்கள். அது மேட்டு நிலத்தை ஒட்டி ஓடும் வாய்க்கால்; கரூர் பக்கத்துக் கட்டளை மேட்டு வாய்க்கால் பாசனக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வாய்க்கால் கரைக்குப் போனால் என்ன?

ரோமானியர்கள் கட்டிய, பிரான்ஸில் இருக்கும் பொன் து கார் போன்றவற்றில் தண்ணீர் உச்சியிலுள்ள மூடிய கல்வழியில் போனது. அவற்றை நீர்ப்பாலம் என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.