மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுக்க: எந்த வேலைக்கு எந்த ஒப்பீஸ்?

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு போன் எடுத்துப் பார்த்தீர்களா என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும், "அவங்கள் எங்க தூக்கப் போறாங்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுடைய கோல்கள் வீணாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கேட்கும் வேலைக்கும் போன் போய்ச் சேர்ந்த ஒப்பீசுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. வாகனம் என்றால் எல்லாமே ஆர்.எம்.வி. (இந்தத் திணைக்களத்தை ஊரில் சொல்லும் பெயர்) தான் என்று நினைத்து, கிடைத்த முதல் 011 இலக்கத்தை அழுத்துகிறோம். மறுமுனையில் இருப்பவர் "அது இங்க இல்லை" என்று வைத்துவிடுகிறார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறி விடிய இறங்கி, கவுண்டரில் "ஒரு கடிதம் குறையுது" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பயணத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தான் போன். ஆகவே முதலில் எந்த வேலை யாருடையது என்று பார்ப்போம்.

வேலை யாருடையது?

கொழும்பில் திணைக்களத்துக்கு முக்கியமாக இரண்டு இடங்கள். நாரஹேன்பிட்டியில் இருப்பது தலைமை அலுவலகம். வாகனத்தைப் பற்றிய வேலைகள் அங்கே: பதிவு, பெயர் மாற்றம், தொலைந்த பதிவுச் சான்றிதழுக்குப் பிரதி எடுப்பது, லீசிங் முடிந்த பிறகு நிதிக் கம்பனியின் பெயரை நீக்குவது போன்றவை. பொரலஸ்கமுவைப் பக்கம் வேரஹெரவில் இருப்பது ஆளைப் பற்றியது, அதாவது சாரதி அனுமதிப்பத்திரம். லைசன்ஸ் அட்டையைப் பற்றி நாரஹேன்பிட்டியிலும், மோட்டார் சைக்கிளின் பெயர் மாற்றத்தைப் பற்றி வேரஹெரவிலும் கேட்டால் இரண்டு பக்கமும் நேரம்தான் போகும்.

ஆனால் கொழும்புக்கு எடுக்கும் முன்னர், எங்கள் கச்சேரியில், அதாவது யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு எடுங்கள். லைசன்ஸ் விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டும் பரீட்சை, புதுப்பித்தல் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. தமிழில் பேசலாம், 021 இல் தொடங்கும் உள்ளூர் இலக்கம். வாகனப் பதிவு வேலைகளில் எது இங்கேயே முடியும், எதற்குக் கொழும்பு போகவேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

நிறையப் பேர் குழம்புவது வரிப்பத்திரத்தில். ஒவ்வொரு வருடமும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கொழும்புத் திணைக்களத்தின் வேலை அல்ல, மாகாணத்துடையது. வட மாகாணத்தில் மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அதற்குப் பொறுப்பு, கையில் தருவது பிரதேச செயலகம். வயதானவர்கள் இன்னும் ஏ.ஜி.ஏ. ஒப்பீஸ் என்று சொல்லும் அதே இடம். இதை ஒன்லைனிலும் எடுக்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல் வரும்: காசு கட்டி எடுத்த இன்சூரன்ஸ் கையில் இருக்கும், ஆனால் திரையில் இன்சூரன்ஸ் இல்லை என்று காட்டும். உடனே திணைக்களத்தைத் திட்டவேண்டாம். அந்த விபரத்தை ஏற்றவேண்டியது இன்சூரன்ஸ் கம்பனி. புகைப் பரிசோதனை விபரம் என்றால் பரிசோதித்த நிலையம். அவர்களுக்கு எடுத்து, வாகன இலக்கத்தைச் சரியாகப் பதிந்தார்களா என்று கேளுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உங்கள் வாகனத்தில் வந்து சேராது. இதைத் திணைக்களத்தில் இருக்கும் ஒருவரால் நினைத்தாலும் திருத்த முடியாது.

லைசன்சுக்கான மருத்துவச் சான்றிதழ் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் பொறுப்பு. அதற்கு நேரம் பதிவது, சான்றிதழில் பெயர் பிழைத்தால் திருத்துவது எல்லாம் அவர்களிடம்தான். பொலிஸ் பிடித்து லைசன்சை எடுத்து, தண்டப் பத்திரம் எழுதித் தந்திருந்தால் அது பொலிஸ் நிலைய விவகாரம். பத்திரத்தில் உள்ள கெடுவுக்குள் தண்டத்தைக் கட்டி, ரசீதைக் காட்டி லைசன்சை மீட்கவேண்டும். இதற்காக வேரஹெரவுக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள்!

எடுக்கும் முன்

தாள், பேனை, பத்திரங்கள் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். லைசன்ஸ் விஷயம் என்றால் அடையாள அட்டை இலக்கம், பழைய லைசன்ஸ் இலக்கம், விண்ணப்பித்தபோது தந்த ரசீது. வாகனம் என்றால் பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம். "பொறுங்கோ, புத்தகம் உள்ளே இருக்கு, எடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது அநேகமாக லைன் வெட்டுப்பட்டிருக்கும்.

வடக்கில் பதிந்த பழைய வாகனங்களின் தகட்டில் என்.பி. என்ற மாகாண எழுத்து இருக்கும். 2023 முதல் புதிய தகடுகளில் அந்த எழுத்து போடுவதில்லை. போனில் இலக்கம் சொல்லும்போது மாகாண எழுத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் எண்களையும் மெதுவாகச் சொன்னால் குழப்பம் குறையும்.

அரச அலுவலக நேரம் காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரை. திறந்தவுடன் கவுண்டரில் ஆட்கள் நிற்பார்கள், 12 மணிக்குப் பிறகு சாப்பாடு. இடையில் பத்து, பதினொரு மணிப் பக்கம் எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாள் மட்டும் வேண்டாம்.

அப்புறம் மொழி. பதிவு செய்த குரல் முதலில் சிங்களத்தில் பேசினால் வைத்துவிடாதீர்கள், தமிழுக்கு எந்த எண் என்று சொல்லும் வரை பொறுங்கள். ஆள் எடுத்துச் சிங்களத்தில் பேசினால், "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?" என்று கேட்கலாம். தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா என்று அர்த்தம். இது யாரும் செய்யும் தயவு இல்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியில் இருக்கும் ஓர் அரச அலுவலகத்துடனும் தமிழில் தொடர்புகொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் போனில் நின்று உரிமை பேசுவதை விட, முதலில் காரியத்தை முடித்துக்கொள்வது புத்தி. முறைப்பாட்டைப் பிறகு ஆறுதலாக எழுதலாம்.

போனில் எது முடியும்?

போனில் விண்ணப்பம் கொடுக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. என்னென்ன பத்திரம் வேண்டும், கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி நேரம் பதியவேண்டுமா, கொடுத்த விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது: இந்த நான்குக்கும் போன் போதும். கேள்வியை ஒரே வசனத்தில் வையுங்கள். "தம்பி வெளிநாட்டில, அவன்ர பேரில ஒரு மோட்டார் சைக்கிள், அதை இப்ப அத்தான் ஓடுறார்" என்று குடும்பக் கதையில் தொடங்கினால் கேட்பவர் களைத்துவிடுவார். "உரிமையாளர் வெளிநாட்டில், அற்றோணி தத்துவத்தை வைத்து வாகனத்தை விற்க என்ன பத்திரங்கள் வேண்டும்?" என்றால் நேரடியாகப் பதில் வரும். உரிமையாளர் இறந்துபோன வாகனத்துக்கும் இப்படித்தான். வாரிசுகளிடம் இருந்து எந்தக் கடிதம், எந்த வடிவத்தில் என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, "இவ்வளவும் சரியா?" என்று கேளுங்கள். பேசியவரின் பெயர், பிரிவு, திகதி மூன்றையும் குறித்துவைத்தால், கவுண்டரில் வேறு கதை சொல்லும்போது பேச ஒரு பிடி இருக்கும்.

லைசன்ஸ் அட்டை வரவில்லை என்ற கேள்விக்குத் தனியாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கொடுக்கும் சாதாரண விண்ணப்பத்துக்கு அட்டை இங்கே அச்சாகாது, வேரஹெரவில் அச்சாகி பதிவுத் தபாலில் வரும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அட்டைத் தட்டுப்பாட்டால் பலர் மாதக்கணக்கில் தற்காலிகப் பத்திரத்துடன் ஓடினார்கள். நாள் கடந்துவிட்டால், முதலில் உங்கள் தபாற்கந்தோரில் கேளுங்கள். வீடு பூட்டியிருந்ததால் கடிதம் அங்கே கிடக்கலாம், திரும்பியும் போயிருக்கலாம். அங்கே இல்லை என்றால் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்: விண்ணப்பம் எப்போது மேலே அனுப்பப்பட்டது, விலாசம் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது. பிறகுதான் வேரஹெர. அங்கே கேட்கவேண்டிய கேள்வி "எப்ப வரும்" இல்லை. "அட்டை அச்சாகிவிட்டதா, எந்தத் திகதியில் தபாலில் போட்டீர்கள், பதிவுத் தபால் இலக்கம் என்ன?" அந்த இலக்கம் கையில் இருந்தால் தபால் திணைக்களத்தில் தேடலாம். கையில் இருக்கும் தற்காலிகப் பத்திரத்தின் திகதி முடிய முன்னரே அதை நீடிப்பது பற்றியும் கேட்டுவிடுங்கள். சந்தியில் நிற்கும் பொலிசாரிடம் "போன் எடுத்தனான், தூக்கேல்லை" என்பது எடுபடாது.

இன்னொன்று, ஓப்பன் பேப்பரில் கைமாறும் மோட்டார் சைக்கிள்கள். விற்றவர் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொடுக்க, அது நாலு கை மாறி ஓடும். பிறகு விபத்து ஒன்று நடந்தால் பொலிஸ் தேடி வருவது பதிவில் உள்ள முதல் ஆளை. விற்பவர் கைமாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவம் எம்.டி.ஏ. 8, வாங்குபவர் தன் பெயருக்கு மாற்ற நிரப்புவது எம்.டி.ஏ. 6. விற்றவர் படிவத்தின் பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, சில கிழமை கழித்து நாரஹேன்பிட்டிக்கு எடுத்து அது கிடைத்ததா, பதிந்தாயிற்றா என்று கேட்கவேண்டும். வாங்குபவருக்கு இருக்கும் அவசரம் விற்றவருக்கு இருப்பதில்லை. உண்மையில் மாட்டுப்படுபவர் விற்றவர்தான்.

ஒருவரும் எடுக்காவிட்டால்

1919 என்பது அரச தகவல் நிலையம். மூன்று மொழியிலும் பேசுவார்கள். உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நடைமுறை, தேவையான பத்திரங்கள், கட்டணம், எந்தப் பிரிவுக்கு எந்த இலக்கம் என்பதை அவர்களிடம் எடுக்கலாம். முகநூலில் யாரோ போட்ட இலக்கத்தை விட இது நம்பகமானது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த நான்கு இலக்கத்தை மட்டும் அழுத்திப் பயனில்லை, இங்கே இருக்கும் உறவுக்காரர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இலக்கங்களைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. திணைக்களத்தின் பெயரைப் போட்டு முகநூல் பக்கம் திறந்து, வட்ஸ்அப்பில் பேசி, "பரீட்சை இல்லாமல் லைசன்ஸ்" என்று காசு பறிப்பவர்கள் இருக்கிறார்கள். கவ் டொட் எல்கே என்று முடியும் அரச தளத்தில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்புங்கள். யார் எடுத்தாலும் வங்கி அட்டை விபரமோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ சொல்லவேண்டாம். வாசலில் நிற்கும் தரகர் "உள்ளே ஆள் இருக்கு" என்றாலும், உள்ளே இருக்கும் ஆளே காசு கேட்டாலும், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

போனிலும் பதில் இல்லை, நேரே போயும் பதில் இல்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இதை எங்கள் ஆட்கள் ஏதோ பத்திரிகைக்காரர்களுக்கான சட்டம் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் சொந்த விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் இதைப் பாவிக்கலாம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம்: பெயர், விலாசம், விண்ணப்ப இலக்கம், கொடுத்த திகதி, "எனது விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது, தாமதத்துக்கான காரணம் என்ன?" அவ்வளவுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதே திணைக்களத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோர் தரும் துண்டைப் பிரதியுடன் சேர்த்துக் குத்தி வையுங்கள். முன்னர் போனில் பேசியவரின் பெயரும் திகதியும் குறித்திருந்தால், அவற்றையும் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுங்கள்.